சிநேகிதியை இழுக்கும் நாள்

எங்கள் தெருவில் என்னிடம் திட்டு வாங்காதவர் என்று யாராவது இருந்தால், அவர் போன வாரம் குடிவந்தவராக இருக்கவேண்டும். என் பெயர் ஹிசானோ. ஓசகாவின் கிழக்கே ஹிகாஷினோ கடைத்தெருவில் தேயிலைக் கடை வைத்திருக்கிறேன். அறுபத்தெட்டு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் இருக்கிறது. விழாக்குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டதும் அந்த வாய்க்காகத்தான். மற்றவர்கள் "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்று இழுத்து முடிப்பதற்குள் விழாவே முடிந்துவிடும்.

எங்களுடையது கூரை போட்ட நீளமான தெரு. நாற்பத்து மூன்று கடைகள். ஒரு காலத்தில் அதில் பதினொன்றுதான் திறந்திருந்தன. மூடிய கடைக்காரர்கள் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை, எல்லோரும் மாடியிலேயேதான் இருந்தார்கள். மாடிப்படி கடைக்குள்ளிருந்து ஏறும், கழிப்பறை கடைக்குப் பின்னால் இருக்கும். முன்கட்டை அந்நியனுக்கு வாடகைக்கு விட்டால் விடிகாலையில் உள்பனியனோடு அவனைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகவேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்ன, யாரும் விடவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்து கிழமாகிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான்தான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். "வாடகைக்கெல்லாம் விட வேண்டாம். வருஷத்துக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை ஷட்டரத் தூக்குங்க. சமைக்கத் தெரிஞ்சவங்களுக்கு முன்கட்டக் குடுங்க. அந்த ஒரு நாள் கழிப்பறைக்குப் போகாம இருந்தா செத்தா போயிடுவீங்க?" என்று கேட்டேன். ஒகினாவாக்காரர் பன்றிக்கறி நூடுல்ஸோடு வந்தார். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கத்துக் கொரியர்கள் வந்தார்கள். அட்டைப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் வியட்நாம் பையன்கள் வந்தார்கள். நேபாளத்து ரேணு மோமோவோடு வந்தாள். ஷட்டர் தூக்கும் நாள் என்று பெயர் வைத்தோம். ஒருநாள் தூக்கிப் பார்த்ததில் ஏழெட்டுப் பேருக்கு மனசு இளகியது. ஒரு தடுப்புப் பலகை அடித்துக்கொண்டு நிரந்தரமாகவே வாடகைக்கு விட்டார்கள். ரேணு இப்போது பழைய பொத்தான் கடையில் தினமும் மோமோ விற்கிறாள், என்னிடம் தினமும் திட்டு வாங்குகிறாள்.

ஆனால் இந்த இரண்டு வருடமாக நான் உண்மையாக ஆசைப்பட்டது ஒரே ஒரு ஷட்டருக்குத்தான். அது என் கடைக்கு நேர் எதிரே, நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. குராமோட்டோ கறிக்கடை.

குராமோட்டோவில் கறியைவிட கொரோக்கேதான் பெயர்போனது. வேகவைத்த உருளைக்கிழங்கையும் கொத்துக்கறியையும் பிசைந்து, ரொட்டித்தூளில் புரட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள். பிசைந்து பிடிப்பது தமாயோ, பொரிப்பது அவள் புருஷன் தோகு-சான். நான் அப்பாவின் கடைக்குத் திரும்பிவந்த அதே வசந்தத்தில்தான் தமா மருமகளாக எதிர்வீட்டுக்கு வந்தாள். நாற்பத்து நாலு வருடம். எண்ணெயில் வெடித்துப்போன கொரோக்கேயை விற்க முடியாது, அதில் இரண்டை எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் என் கடைக்கு வருவாள். நான் வறுத்த தேநீர் போடுவேன். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் பேசுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஷட்டர் இறங்கியது. கடைசி ஒரு வருடம் அவள் மாடியை விட்டு இறங்கவே இல்லை. நான்தான் தினமும் பிளாஸ்க்கில் தேநீரை எடுத்துக்கொண்டு மேலே போவேன்.

இந்த வருட விழாவுக்கு நாள் குறித்தபோது காலண்டரைப் பார்த்த ஒருவர், "இது சிநேகிதரை இழுக்கற நாளாச்சே" என்றார். எங்கள் காலண்டரில் ஆறு நாளுக்கு ஒருமுறை அப்படி ஒன்று வரும். அன்றைக்கு யாரையாவது அடக்கம் செய்தால் போகிறவர் துணைக்குக் கூட்டாளியையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாராம். அதற்குப் பயந்து எரியூட்டும் இடத்தையே அன்று மூடிவிடுவார்கள். "இழுக்கட்டும், நல்லா கூட்டத்த இழுக்கட்டும்" என்று சொல்லி நான் தேதியை எழுதிப் போட்டேன்.

அன்று சாயங்காலமே தமாவிடம் போய்ச் சொன்னேன்.

"இந்தத் தடவ உங்க ஷட்டரும் தூக்கியாகணும். உன்ன நாலு பேரு நாற்காலியோட தூக்கிட்டு வந்து கல்லாப்பெட்டி பக்கத்துல உக்கார வெப்பாங்க. ஆளெல்லாம் சொல்லி வெச்சாச்சு."

"நாலு பேரா? எனக்கு இருக்கற எடைக்கு ஒருத்தன் போதும். மத்த மூணு பேர உருளைக்கிழங்கு மூட்டை தூக்கச் சொல்லு."

"யாரு பிசையறது?"

"நான் படுத்துக்கிட்டே சொல்றேன், இவரு பிசையட்டும். நாப்பத்து நாலு வருஷமா வேடிக்கதான பாத்தாரு."

சிரித்தால் அவளுக்கு வலிக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சனிக்கிழமையானா நம்ம வரிசை செருப்புக்கடை வரைக்கும் போகுமே, ஞாபகம் இருக்கா? அத இன்னொரு தடவ பாத்துட்டேன்னா போதும் ஹிசானோ. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு? அதப் பாத்துக்கலாம். நான் காட்டறேன்."

"சத்தியமா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம், "நுயி-சான் வீட்டுல ஆன மாதிரி இந்தத் தடவயும் ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டாள்.

"ஆச்சுன்னா நிறுத்தறதுதான். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றேன்.

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டாள்.

நுயி-சான் வீட்டு விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மீன்கடை யாஹேய்-சான் இறந்துபோனார். செய்தி வந்த பத்தாவது நிமிடம் நான் விழாவை நிறுத்திவிட்டேன். தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது மேளம் அடித்துக்கொண்டு பலகாரம் விற்றால் நாம் மனுஷர்களா? யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானூறு பேருக்கான சாப்பாடு குப்பைக்குப் போனது. ரேணு இரண்டு நாளாகப் பிடித்து வைத்த மோமோவும் தட்டுத்தட்டாகப் போனது. ஒரு வாரம் கழித்து யாஹேய்-சானின் மனைவி நுயி-சான் கறுப்பு உடையில், கையில் இனிப்புப் பெட்டிகளோடு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். "எங்க வீட்டுக்காரரு நேரங்கெட்ட நேரத்துல போயி எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டாரு. மன்னிச்சுக்கணும்" என்று கடைக்குக் கடை குனிந்தாள். நானும் பதிலுக்குக் குனிந்து பெட்டியை வாங்கிக்கொண்டேன். பயற்று இனிப்பு, பன்னிரண்டு இருந்தன. நாங்கள் அப்படித்தான். செத்தாலும் அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாமல் சாகவேண்டும். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

விழா வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் பிளாஸ்க்கோடு போனேன். தோகு-சான் படிக்கட்டின் கீழேயே வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல் அடிக்குது ஹிசானோ. சளி வேற. டாக்டரு யாரையும் மேல விட வேண்டாம்னுட்டாரு."

"நான் என்ன யாரோவா?"

"உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஞாயித்துக்கிழமை யாரு கத்தறது?"

அது நியாயமாகப் பட்டது. பிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். "சூடா குடிக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுந்திரிக்கலன்னா நான் வந்து உதைப்பேன்னு சொல்லுங்க" என்றேன். சொல்கிறேன் என்று அவர் தலையாட்டினார். மறுநாள் காலையில் பிளாஸ்க் கழுவித் துடைத்து என் கடை வாசலில் இருந்தது. குடித்துவிட்டாள், தேறிவிடுவாள் என்று சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை எனக்கு மூச்சுவிட நேரமில்லை. மேளக்காரர்கள், சுகாதார அலுவலகத்துக்காரர், தண்ணீர்க் குழாய், குப்பைத்தொட்டி. பின்சந்து வழியாக ஓடிக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் புகை கசியும் ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு குராமோட்டோ வீட்டுப் பின்வாசலில் நின்றார். "ஏம்பா, ஐஸ்கிரீம் கடைக்கா? அது முன்பக்கம்ப்பா, கண்ணு தெரியலயா?" என்று அதட்டினேன். அவர் குனிந்து நின்றார். நான் தாண்டிப் போகும்வரை நிமிரவில்லை. இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதை தெரிந்தவனா என்று நினைத்துக்கொண்டே போனேன். மடச்சி.

கறிக்கடைக்குள் எட்டிப் பார்த்தேன். தோகு-சானும் ரேணுவும் உட்கார்ந்து கொரோக்கே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரேணுவின் கண் சிவந்திருந்தது.

"வெங்காயமா?" என்றேன்.

"வெங்காயந்தான் அக்கா" என்றாள்.

"என்ன ஊதுவத்தி வாசனை அடிக்குது இங்க?"

"கொசு" என்றார் தோகு-சான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து, "தூக்குங்க!" என்று கத்தினேன். முப்பத்தைந்து ஷட்டர்கள் ஒரே சமயத்தில் மேலே போயின. அந்தச் சத்தத்தைக் கேட்டால் உடம்பு சிலிர்த்துப்போகும். குராமோட்டோ ஷட்டர்தான் கடைசி. துருவேறி இருந்ததால் பாதியில் நின்றது, தோகு-சான் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அது மேலே போனதும் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது? இரண்டு வருடம் எதிரே அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே தேயிலை வறுத்தவள் நான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை எடுத்துப் போனேன். மெத்தை தைத்துப் போட்டிருந்தேன். அட்டைப்பெட்டி ஆலைப் பையன்கள் நாலு பேரும் பின்னால் வந்தார்கள்.

"இன்னிக்கு வேண்டாம் ஹிசானோ" என்றார் தோகு-சான். "காய்ச்சல் இன்னும் விடல. மேலேருந்தே கேட்டுக்கறேன்னு சொன்னா. ஜன்னலத் திறந்து வெச்சிருக்கேன்."

"கேக்கறதா? பாக்கணும்னுதான சொன்னா! நாள் குறிச்சதுலேருந்து சொல்லிட்டிருக்கேன், நாற்காலி, ஆளு, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. நீங்க என்ன புருஷன்? போர்வைய சுத்தி ஒரு பத்து நிமிஷம் கொண்டாந்தா தேஞ்சா போயிடுவா?"

"அவளேதான் வேண்டாம்னா."

"அவ அப்படித்தான் சொல்லுவா. நமக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லுவா. நீங்கதான தூக்கிட்டு வரணும்?"

வரிசையில் முதலில் நின்றிருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோகு-சான் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நாற்காலியைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் டங்கென்று வைத்துவிட்டு நான் வெளியே வந்து மேலே பார்த்தேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. மூங்கில் திரை மட்டும் தொங்கியது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சரி, அவளால் எழுந்து பார்க்க முடியாது, காது இருக்கிறதல்லவா என்று ஒலிபெருக்கியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பினேன்.

"தமா! கேக்குதா? உங்க கடைய தொறந்தாச்சு! இருபது பேரு நிக்கறாங்க!"

தெருவே சிரித்தது. அதற்கப்புறம் அன்று முழுவதும் அதே வேலைதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொன்னேன். "தமா! இப்ப கண்ணாடிக்கடையத் தாண்டிடுச்சு!" "தமா! குழந்தைங்கம்மா, ஒரு பள்ளிக்கூடமே வந்திருக்கு!" "தமா! உன் புருஷன் வேர்த்து ஒழுகறாரு, இப்பதான் ஒழுங்கா வேலை செய்யறாரு!" வரிசையில் நின்றவர்களுக்கு யார் தமா என்று தெரியாது. ஆனாலும் அவர்களும் ஜன்னலைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்தார்கள். தோகு-சான் நிமிரவே இல்லை. எண்ணெய்ச் சட்டிமேல் குனிந்தபடி கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அனல் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு கொரோக்கேயைக் கடித்துப் பார்த்தேன். உப்பு போதவில்லை.

"என்னது இது, சப்புன்னு இருக்கு? தமா சொல்லித்தான பிசைஞ்சீங்க? படுத்துப் படுத்து அவளுக்கு நாக்கே செத்துப்போச்சுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ரேணு பக்கத்துக் கடையிலிருந்து "அக்கா!" என்றாள். அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "என்னடி?" என்றேன். ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு சாமிப் பல்லக்கு வந்தது. எல்லோரும் கடைவாசலில் வந்து கும்பிட்டார்கள். தோகு-சான் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடையின் உள்ளே போய்விட்டார். பல்லக்கு தெருமுனை திரும்பியபிறகுதான் வெளியே வந்தார். "சாமி வாசல்ல வந்து நிக்குது, நீங்க உள்ள போய் ஒளிஞ்சுக்கறீங்க! ரெண்டு வருஷம் கழிச்சு கடைய தொறந்திருக்கீங்க, ஒரு கும்பிடு போட்டா கை வலிக்குமா?" என்று அத்தனை பேர் முன்னாலும் வறுத்தெடுத்தேன். துக்கவீட்டுக்காரர்கள் சாமி முன்னால் நிற்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அது எனக்குத் தோன்றவில்லை. திட்டுகிற அவசரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒன்றரை மணிக்கு வரிசை செருப்புக்கடையைத் தொட்டது. அந்தக் கடைசி ஆள் ஒரு தடித்த மனுஷர், இரண்டு குடையோடு வந்திருந்தார். நான் அவர் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் ஓடினேன், அறுபத்தெட்டு வயதில். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கத்தினேன்.

"தமா! செருப்புக்கடை! செருப்புக்கடை வந்துடுச்சு! சொன்னேனா இல்லையா?"

கூட்டம் கைதட்டியது. மூங்கில் திரை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. காற்றாக இருந்திருக்கும். நான் அவள்தான் என்று நினைத்துக் கையாட்டினேன்.

ஐந்து மணிக்கு விழா முடிந்தது. குப்பையை அள்ளி, மேசைகளை மடக்கிவிட்டு, பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றினேன். எண்ணெயில் வெடித்துப்போன கொரோக்கே இரண்டைத் தோகு-சானிடம் கேட்டு வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டேன்.

"சளியாவது கிளியாவது. நான் மேல போறேன்" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"போ ஹிசானோ. அஞ்சு மணி ஆயிடுச்சு. இனிமே போலாம்."

படியேறினேன். கதவை நகர்த்தினேன். தமா ஜன்னலை ஒட்டிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு கிண்ணம் நிறையச் சோறு குவித்திருந்தது. அதன் நடுவில் சாப்பிடும் குச்சிகள் இரண்டும் செங்குத்தாக நின்றன. உயிரோடு இருப்பவர் சோற்றில் யாரும் குச்சியை நட்டுவைப்பதில்லை.

பிளாஸ்க் கையிலிருந்து விழுந்து உருண்டது. "தமா" என்றேன். நாள் முழுவதும் கூப்பிட்ட அதே பெயர்.

தோகு-சான் பின்னால் வந்து மண்டியிட்டு நெற்றி பாயில் படக் குனிந்தார். "வெள்ளிக்கிழமை விடிகாலையில போயிட்டா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

"வெள்ளிக்கிழமையா? நான் தேத்தண்ணி கொண்டாந்தேனே…"

"அத அவ தலைமாட்டுல வெச்சேன். ஆறினப்புறம் நான் குடிச்சேன்."

"எதுக்கு? எதுக்கு எங்கிட்ட சொல்லல? நாலு எட்டு தூரம்யா! நாப்பத்து நாலு வருஷம்! நான் யாரு உங்களுக்கு?"

"அவதான் சொல்ல வேண்டாம்னா." அவர் இன்னும் நிமிரவில்லை. "வியாழக்கிழமை சாயங்காலமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. 'நான் போயிட்டா ஞாயித்துக்கிழமை முடியற வரைக்கும் ஹிசானோகிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா அடுத்த நிமிஷம் விழாவ நிறுத்திடுவா, அவ பிடிச்சா பிடிதான். ரேணு பிடிச்ச மோமோவெல்லாம் மறுபடியும் குப்பைக்குப் போகும். நான் போனதுக்காக நீங்க வீடு வீடா இனிப்புப் பெட்டி தூக்கிட்டு அலையக்கூடாது'ன்னா. ஷட்டர மட்டும் கட்டாயம் தூக்கணும்னா."

என் வாய்க்குப் பயந்து என் சிநேகிதி செத்ததையே என்னிடம் மறைத்துவிட்டாள்.

"ரேணுவுக்குத் தெரியுமா?"

"சனிக்கிழமை காலையில உள்ள வந்தா. ஊதுவத்தி வாசனை அடிச்சதும் 'யாரு?'ன்னு நேரா கேட்டுட்டா. அவகிட்ட மறைக்க முடியல. மத்தியானம் வரைக்கும் தமா பக்கத்துலயே உக்காந்திருந்தா."

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு வந்தவள் கூடவே உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே நின்று, தமா உடம்பைக் காக்க ஐஸ் கொண்டுவந்தவரை அதட்டிக்கொண்டிருந்தேன். சப்பென்று இருக்கிறது, நாக்குச் செத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாயை அடுப்பில் வைத்துப் பொசுக்கினால் தேவலை என்றிருந்தது.

அழுகையெல்லாம் ஓய்ந்தபிறகுதான் அவள் படுத்திருந்த விதத்தைக் கவனித்தேன். போனவர்களை வடக்கே தலைவைத்துக் கிடத்துவது எங்கள் முறை. அவள் தலை தெருப்பக்கம், தெற்கே இருந்தது. முகத்தில் வெள்ளைத்துணியும் இல்லை.

"காலையில திருப்பிப் படுக்க வெச்சேன்" என்றார் தோகு-சான். "வடக்க வெச்சா காது ஜன்னலுக்குத் தூரமா போயிடுது. முறை இல்லதான். நீ கத்தறது நல்லா கேக்கட்டும்னு வெச்சேன்."

திங்கட்கிழமை மழை. எரியூட்டும் இடம் சனிக்கிழமை நிரம்பிவிட்டது, ஞாயிறு மூடியிருந்தது, அதனால் அன்றுதான் நேரம் கிடைத்திருந்தது. சிநேகிதியை இழுக்கும் நாளைத் தாண்டிவிட்டுத்தான் தமா கிளம்பினாள். இழுத்துக்கொண்டு போயிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். அதிலும் எனக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை அவள்.

செய்தி காலையிலேயே பரவிவிட்டது. மத்தியானம் கடைவாசலில் ஊதுவத்தி வைத்தோம். முதல்நாள் வரிசைக்காகக் கட்டிய கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. வந்தவர்கள் தாமாகவே அதற்குள் போய் நின்றார்கள். தெருக்காரர்கள், ஒகினாவாக்காரர், கொரியர்கள், முதல்நாள் கொரோக்கே தின்றுவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டியவர்கள்கூட எப்படியோ கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். ரேணு என் பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைத் திட்டவில்லை.

மீன்கடை நுயி-சான் வந்தாள். அவளைப் பார்த்ததும் நான் இடுப்பு வளையக் குனிந்தேன்.

"மூணு வருஷத்துக்கு முன்னால… நீங்க வீடு வீடா ஏறி எறங்கினீங்களே, நானும் பேசாம வாங்கிக்கிட்டேன்."

அவள் என் கையைத் தொட்டாள். கோபம் ஒன்றும் இல்லை. "அந்த இனிப்பு நல்லா இருந்துச்சா ஹிசானோ-சான்? அவசரத்துல ரயில் நிலையத்துல வாங்கினது. நான் ருசி பாக்கல. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

"நல்லா இருந்துச்சு" என்றேன். பன்னிரண்டையும் நான்தான் தின்றேன்.

மாடிப்படி கடைக்குள்தான் இறங்குகிறது, வேறு வழியில்லை. நாற்காலி தூக்கச் சொல்லிவைத்திருந்த பையன்கள் நாலு பேரும் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். படி திருப்பத்தில் சாய்த்தபோது ஒருவன் மற்றவனைப் பார்த்தான். இவ்வளவுதானா என்று நினைத்திருப்பான், அத்தனை லேசாக இருந்தாள். கல்லாப்பெட்டி பக்கத்தில் நான் வைத்த நாற்காலி அப்படியே கிடந்தது. அதை நகர்த்தித்தான் வழிவிட வேண்டியிருந்தது. மூடியைத் திறந்து எல்லோரும் பூ வைத்தார்கள். நான் காகிதத்தில் சுற்றிய அந்த இரண்டு கொரோக்கேயையும் அவள் கைப்பக்கத்தில் வைத்தேன்.

மூடப்போகும் நேரத்தில் தோகு-சான் என்னைக் கூப்பிட்டார்.

"ஹிசானோ. ஒரு தடவ சொல்லிடேன். நேத்து மாதிரி. வரிசை எது வரைக்கும் போயிருக்குன்னு."

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். கறுப்பு உடைகள் கண்ணாடிக்கடையைத் தாண்டி, செருப்புக்கடையையும் தாண்டி, நுயி-சான் மீன்கடை வரைக்கும் நின்றன. அவ்வளவு தூரம் அந்த வரிசை எங்கள் இளமையில்கூடப் போனதில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

வாயைத் திறந்தேன். முந்தின நாள் முழுக்கக் கத்திய தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. குனிந்து அவள் காதருகே போய்த்தான் சொல்ல முடிந்தது.

"செருப்புக்கடையத் தாண்டிடுச்சு, தமா."

கூரைமேல் மழை பலமாகப் பெய்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தோகு-சானுக்குக்கூட அது கேட்டிருக்காது.